ஸ்பெயின்காரரைத் தூங்கவைத்த கதை

படித்ததை மறந்துவிடுகிறவர்களால் யாருக்கும் தொல்லை இல்லை. படித்த கையோடு அதைச் செய்து பார்க்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது வகை. அதிலும் எண் போட்டுக் குறிப்பெடுக்கிற ரகம்.

எண்பதுகளின் தொடக்கம். தோல் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் கெமிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். தோலைச் சாயத்தோடு போட்டுச் சுழற்றும் ராட்சத மர டிரம்களுக்குப் பக்கத்தில்தான் வேலை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஸ்பெயினிலிருந்து ஷூ கம்பெனிக்காரர் ஒருவர் தோல் வாங்க வருவதாகத் தந்தி வந்தது.

"பொம்பளைப் பொண்ணுக்கு டிரம்மு பக்கம் இன்னா வேலைன்னு எல்லாரும் கேக்கறாங்கம்மா. இந்த ஆர்டர் வந்துட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார் முதலாளி. வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. (எனக்குப் புரிந்தது.)

வேறு யாராக இருந்தாலும் தோலைக் கவனித்திருப்பார்கள். நான் நூலகத்துக்குப் போனேன். கடைத்தெருக் கைவண்டிகளில் இடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, நூலகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஸ்பெயினா? இன்னாத்துக்கும்மா?"

"அவங்க பழக்கவழக்கம் தெரிஞ்சிக்கணும் சார்."

"ஸ்பெயின் தனியா இல்ல. கலைக்களஞ்சியத்துல ரெண்டு பக்கம் வரும். கொலம்பஸ் இருக்காரு. மெக்சிகோ இருக்கு, படம் போட்டது."

"மெக்சிகோ வேற நாடு சார்."

"பாஷை ஒண்ணுதானே? எடுத்துட்டுப் போம்மா. ஜாஸ்தி படிச்சா தப்பா?"

மூன்றையும் கலந்து என் பட்டியல் தயாரானது. ஒன்று, சோளம் அவர்களுக்கு உயிர். இரண்டு, தொப்பியைப் பாராட்ட வேண்டும். மூன்று (இதற்கு மட்டும் அடிக்கோடு), மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குவார்கள். அப்போது ஊரே அடங்கியிருக்கும்.

சாம்பிள் அறையில் கட்டில் போட்டேன். புதுத் தலையணை வாங்கினேன். அவர் தூங்கும் நேரத்தில் எந்த டிரம்மும் ஓடாதபடி வேலைகளை முன்னதாகவே முடிக்கத் திட்டம் போட்டேன். ஆனால் பள்ளிகொண்டா பக்கத்தில் அவருடைய கார் டயர் வெடித்து, எல்லாம் தள்ளிப்போயிற்று. அவர் சாப்பிட உட்கார்ந்த நேரம், அவருக்கான சாம்பிள் தோல்களே டிரம்முக்குள் சாயத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

மனிதர் தொப்பி போடவில்லை. வழுக்கை. (அதைப் பாராட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.) வேகவைத்த மக்காச்சோளத்தை "உங்க ஊர் சாப்பாடு" என்று முன்னால் வைத்தேன். மிரண்டு பார்த்தவர், பேசாமல் தின்றார். முதலாளி பிரியாணியை வைக்க வைக்க அதையும் தின்றார். முதலாளி தொழுகைக்குக் கிளம்பியதும், "இனி நீங்கள் தூங்கலாம்" என்று அறையைக் காட்டினேன். டிரம் பக்கம் ஏக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

டிரம் ஓடுகிற ஓட்டத்தில் சுவரே அதிர்ந்தது. சாயம் ஊற்றிய டிரம்மை நிறுத்தினால் நிறம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பரீட்சையில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஒரு பக்கம் சாயம், மறுபக்கம் ஒரு தேசத்தின் பண்பாடு. நான் பண்பாட்டின் பக்கம் சாய்ந்தேன்.

"மேஸ்திரி, டிரம்மை நிறுத்துங்க. விருந்தாளி தூங்கறாரு."

"அப்ப நாங்க இன்னா பண்றது மேடம்?"

"சத்தம் போடாம இருங்க, போதும்."

சத்தம் போடாமல் இருக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி படுத்துவிடுவது. கொஞ்ச நேரத்தில் கிளம்பிய குறட்டைக்கு டிரம்மே தேவலாம் என்று தோன்றியது.

தொழுகை முடித்துவந்த முதலாளி வாசலிலேயே நின்றுவிட்டார். "யா அல்லா! எல்லாருக்கும் இன்னா ஆச்சு?"

நான் உதட்டில் விரல் வைத்தேன். "ஷ்ஷ்... ஸ்பெயின் தூங்குது."

கதவு திறந்தது. ஸ்பெயின் தூங்கவே இல்லை.

தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம்: மதியத்தில் அவருக்குத் தூங்கிப் பழக்கமில்லை. இது எங்கள் ஊர் வழக்கம் என்று நினைத்துவிட்டார். வருவதற்கு முன்பு அவரும் தம் ஊர் நூலகத்தில் இந்தியாவைப் பற்றிப் படித்திருக்கிறார். கொடுப்பதை மறுத்தால் இந்தியர்கள் மனம் புண்படுவார்கள் என்று அதில் இருந்ததாம். அதனால்தான் சோளம், அதனால்தான் அத்தனை பிரியாணி, அதனால்தான் விட்டத்துப் பல்லியைப் பார்த்தபடி படுத்திருந்தது.

டிரம்மைத் திறந்தோம். ஆட்டுத்தோல்தான் உள்ளே போயிருந்தது. வெளியே வந்தது புள்ளி மாடு.

முதலாளி தோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மனத்துக்குள் பெட்டி கட்டத் தொடங்கினேன். ஸ்பெயின்காரரோ சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு இன்னொன்று போடுங்கள். நானே பக்கத்தில் நிற்கிறேன். யாரும் தூங்கக் கூடாது" என்றார்.

மறுநாள் தோல் நன்றாக வந்தது. ஆர்டரும் வந்தது. "வேலை பர்மனென்ட்டும்மா. ஆனா வெளிநாட்டுக்காரன் வர்றான்னா லைப்ரரி பக்கமே போவாத" என்றார் முதலாளி. தொழிலாளர்கள் மட்டும் வெகுநாள் அவரிடம் 'ஸ்பெயின் ரெஸ்ட்' கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு கலவை என்ற ஊரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளையின் அப்பா, "செத்த சாயலாமா?" என்று பாயைத் தேடினார். என் தம்பி வாயை அடக்கவில்லை.

"மாமா, நீங்க ஸ்பெயினா?"

"இல்லியேப்பா, நாங்க கலவை."

அப்புறம் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன். அவரோ ஊருக்குப் போய் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போது கலவையில் என் மாமனார் பெயரைச் சொல்லி வழி கேட்டால், "ஸ்பெயின்காரர் வீடா?" என்று கை காட்டுகிறார்கள். மதியத்தில் போகாதீர்கள் என்றும் சொல்லி அனுப்புகிறார்கள்.