முடிச்சூர் நண்டும் எர்லியர் ஒர்க்கர்ஸும்

கிழக்குத் தாம்பரம்,
14-2-1972.

அன்பும் மரியாதையும் நிறைந்த மெட்டில்டா அக்காவுக்குத் தம்பி ஜெபசீலன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் ஹில்டாவும் சுகம். உங்கள் முழங்கால் வலிக்காகக் குடும்ப ஜெபத்தில் தினமும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறோம். ஒரு மாதமாக ஏன் கடிதம் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். பயந்துபோய்க் கிடந்தேன் அக்கா. ஒரு பெண்ணின் டாக்டர் பட்டத்தை என் பத்து விரலால் கெடுத்துவிட்டேன் என்ற பயம்.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் வீட்டில் தீசிஸ் டைப் அடிப்பது உங்களுக்குத் தெரியும். விலங்கியல் தீசிஸ் மட்டும் பதினொன்று அடித்திருக்கிறேன். மீனோ நத்தையோ மண்புழுவோ, இங்கிலீஷ் என்னவோ ஒன்றுதான். யாரும் "நான் பார்த்தேன்" என்று எழுதமாட்டார்கள். "இட் வாஸ் அப்சர்வ்டு", அதாவது காணப்பட்டது. கண்டது யார் என்று கேட்கக்கூடாது. "தெரியவில்லை" என்று எழுதினால் அவமானம். "ஃபர்தர் ஒர்க் ஈஸ் நெசசரி", மேலும் ஆராய வேண்டும் என்று எழுதினால் கௌரவம். தங்களுக்கு முன்னால் ஆராய்ந்தவர்களுக்கு "எர்லியர் ஒர்க்கர்ஸ்" என்று பெயர். நம்முடைய முடிவு அவர்கள் முடிவோடு ஒத்துப்போகிறது என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லவேண்டும். இந்தப் பாஷை எனக்குள் ஊறி, போன மாதம் ஹில்டா குழம்பு எப்படி என்று கேட்டதற்கு, "உப்பு சற்றுக் குறைவாக இருப்பதாகத் தோன்றுகிறது, மேலும் ஆராய்தல் அவசியம்" என்று சொல்லிவிட்டேன். "அப்படின்னா நாளைக்கும் இதே குழம்புதான், நல்லா ஆராய்ங்க" என்று போய்விட்டாள்.

சென்ற வருடம் செல்வமேரி வந்தாள். முடிச்சூரில் வயல்வேலைக்குக் கூலிக்குப் போகும் ஏசுபாதத்தின் மகள். வயல் நண்டைப் பற்றி நாலு வருட ஆராய்ச்சி. கையெழுத்துப் பிரதியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. "நான் முப்பத்தெட்டு வளைகளைத் தோண்டினேன். கோடையில் நண்டு வளையின் வாயைச் சேற்றால் அடைத்துக்கொள்கிறது. உள்ளே என்ன செய்கிறதென்று எனக்குத் தெரியவில்லை" என்று குழந்தை பேசுவதுபோல இங்கிலீஷில் எழுதியிருந்தாள். இப்படிப் போனால் பரீட்சை வைப்பவர் மதிப்பாரா? நானே எல்லாவற்றையும் தீசிஸ் பாஷைக்கு மாற்றி அடித்துக்கொடுத்தேன். கடைசி நாள் நெருங்கியிருந்ததால் அவள் எண்களை மட்டும் சரிபார்த்துவிட்டுக் கொண்டுபோனாள்.

ஜனவரியில் ஒருநாள் என்னிடமிருந்த கார்பன் பிரதியைச் சும்மா புரட்டினேன். அறுபத்து மூன்றாம் பக்கம். "இம்முடிவு எர்லியர் ஒர்க்கர்ஸ் கண்ட முடிவோடு ஒத்துப்போகிறது." எந்த ஒர்க்கர்ஸ்? முடிச்சூர் நண்டை அவளுக்கு முன் ஒருவரும் ஆராய்ந்ததே கிடையாது! பழக்கதோஷத்தில் நானே சேர்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிச்சூருக்குப் போனேன். ஏசுபாதம் மகளின் வாய்மொழித் தேர்வன்று போட்டுக்கொள்ளத் தைத்த வெள்ளைச் சட்டையை விரித்துக் காட்டி, "காலர் சரியா கீதா சார்?" என்றார். காலர் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

போன வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. யாரும் வந்து கேட்கலாம் என்பதால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கஸ்தூரிரங்கன் நேராக அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினார். என் நெஞ்சு டைப்ரைட்டர் மாதிரி அடித்துக்கொண்டது.

"எர்லியர் ஒர்க்கர்ஸ்னு போட்டிருக்கியேம்மா, யார் அவங்க? பேரே காணோமே?"

செல்வமேரி பக்கத்தைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்: "எங்க அப்பா சார். அப்புறம் கன்னியம்மா, பச்சையம்மா, செல்லம்மா. எனக்கு முன்னாடி அந்த வயல்ல ஒர்க் பண்ணவங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா எங்கே?" என்றார். வெளியே நின்றிருந்த ஏசுபாதத்தைக் கூட்டிவந்தார்கள்.

"வளை எவ்வளவு ஆழம் போகும் ஐயா?"

"அது தண்ணியப் பொறுத்துது சார். தண்ணி எறங்க எறங்க அதுவும் நோண்டிகினே பூடும். இடுப்பாழம் நானே பாத்துக்கீறேன்."

"உள்ளே என்ன பண்ணும்?"

"அது இன்னா பண்ணுதுன்னு தெரியாது சார். பாக்கணும்னா தோண்டணும். தோண்டுனா அது பண்றத நிறுத்திடுதே!"

பேராசிரியர் மேஜையைத் தட்டினார். "ஃபர்தர் ஒர்க் ஈஸ் நெசசரி! இதை இவ்வளவு நேர்மையா எந்தத் தீசிஸ்லயும் நான் படிச்சதில்லை!" கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. அரைமணி நேரத்தில் பட்டத்துக்குப் பரிந்துரை செய்துவிட்டார்கள். ஏசுபாதம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார், எனக்கும் பரீட்ச வெச்சிட்டாங்களே, நான் பாஸா?" என்றார். நான் அழுதேன் அக்கா. ஹில்டா கேட்டால் கண்ணில் தூசி என்று சொல்லிவிடுங்கள்.

ஆக, நான் தவறாகச் சேர்த்த வரிதான் அவளைக் கரையேற்றியது. இந்த ரகசியம் உங்களுக்கு மட்டும். கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது. அத்தானுக்கு எங்கள் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்களைச் சமாதானத்தோடு காப்பாராக.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ஜெபசீலன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது செல்வமேரி இனிப்போடு வந்தாள், கையெழுத்துப் பிரதியும் கையில் இருந்தது. "சார், திட்ட வரல. இந்த இடத்த மட்டும் பாருங்க" என்றாள். பார்த்தேன். "எனக்கு முன் இந்த வயலில் வேலை செய்தவர்களும் இதையே சொன்னார்கள்" என்று அவளே எழுதி, கீழே நாலு பெயரையும் வரிசையாகப் போட்டிருக்கிறாள். அந்த வரியைத் தீசிஸ் பாஷைக்கு மாற்றியது நான். பெயர்களை ஏதோ கூலியாள் கணக்கு என்று நினைத்து விட்டுவிட்டதும் நான். நான் எதையும் சேர்க்கவில்லை அக்கா, இருந்த பெயர்களைத்தான் அடித்துத் தள்ளியிருக்கிறேன். பெயர்களைச் சேர்த்துத் தரும்படி பேராசிரியர் திருப்பிக்கொடுத்த பிரதிகளின் பைண்டிங்கைப் பிரித்தாயிற்று. அறுபத்து மூன்றாம் பக்கத்தை ஐந்து பிரதிக்கும் மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறேன். பச்சையம்மாவை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று ஹில்டாவும் செல்வமேரியும் பக்கத்தில் சண்டை போடுகிறார்கள்.