கருப்பட்டிக் கிடா சொன்ன ஒரே ஆங்கிலச் சொல்

ஒரு காட்டில், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பதினேழு விலங்குகள் வரிசையாக நின்று கீழுதட்டைக் கடித்தபடி காற்று ஊதின. பதினாறு விலங்குகளுக்கு அது வேலைக்கான பயிற்சி. பதினேழாவதாக நின்ற கருப்பட்டி என்ற கிடாவுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

விஷயம் இதுதான். காட்டோரத்து ஊர்க்காரரான மாயாண்டி, தன் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வந்தால் கருப்பட்டியை வெட்டுவதாகக் காவல்சாமிக்கு நேர்ந்துவிட்டிருந்தார். தண்ணீர் வந்துவிட்டது. ஆடி கடைசி வெள்ளியில் படையல் என்று முடிவாகிவிட்டது. அதுவரை நேர்ந்துவிட்ட கிடா எந்தக் கொல்லையில் மேய்ந்தாலும் யாரும் கம்பை எடுக்கமாட்டார்கள். இந்தச் சலுகை கருப்பட்டிக்குப் பிடித்திருந்தது. சலுகை முடியும் விதம்தான் பிடிக்கவில்லை.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. அடுத்தவர் உடைமையைச் சாமி ஏற்காது என்பது அந்த ஊர் வழக்கம். ஏதாவது ஒரு கம்பெனியின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கினால், கிடா கம்பெனியுடையதாகிவிடும். அந்தச் சமயம் பார்த்துப் பனிநாட்டுக் கரடிகள் காட்டில் ஒரு கிளை அலுவலகம் திறந்தன. வெள்ளைக் கரடிகளுக்கு ஃப்ரீசர் விற்கும் கம்பெனி அது. பனியிலேயே குடியிருப்பவர்களுக்கு ஃப்ரீசர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சம்பளம் தருகிறவர்களிடம் அப்படிக் கேட்பது காட்டிலும் வழக்கமில்லை. வேலை, போனில் புகார் கேட்பது. தேர்வு, ‘ஃப்ரீசர்’ என்ற ஒரே சொல்லைக் கரடிகளின் காதுக்கு ஏற்றபடி சொல்வது.

பயிற்சி கொடுத்தது மரகதம் டீச்சர் என்ற கிளி. மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊது என்று அது சொல்லும். டீச்சருக்குப் பல்லும் கிடையாது, உதடும் கிடையாது. ஆனால் உச்சரிப்பு மட்டும் சுத்தம். கருப்பட்டிக்கு உதடு உண்டு. மேலே முன்பல் இல்லை. ஆட்டினத்தில் யாருக்குமே இல்லை. இதை எடுத்துச் சொன்னபோது, காரணம் சொல்கிறவர்கள் முன்னேறமாட்டார்கள் என்று பதில் வந்தது. வேறு வழியில்லாமல் பல்லுக்குப் பதில் மேல் ஈறை வைத்துக் கருப்பட்டி ஊதியது. ஒலி வந்தது. கூடவே பாதி மென்ற வேப்பிலையும் வந்து முன்வரிசை முயலின் முகத்தில் ஒட்டியது. மறுநாள் முதல் முயல் பின்வரிசைக்குப் போய்விட்டது.

சொல்லின் நடுவில் வரும் இசட்தான் பெரும்பாடு. வண்டு ரீங்கரிப்பதைப் போலத் தொண்டை அதிர வேண்டும் என்றது டீச்சர். கருப்பட்டியின் வாயில் அது சொத்தென்று ‘ஜ’வாகவே விழுந்தது. பக்கத்தில் நின்ற பவளக்கொடி என்ற எருமைக்கும் அதே கதிதான். ஆனால் அதற்குக் கவலையில்லை.

“எனக்கு வரலைன்னா நான் சேத்துல போய்ப் படுத்துக்குவேன், மாப்ளே. உனக்கு வரலைன்னா நீ குழம்புல படுக்கணும். பாத்துக்க” என்றது.

கருப்பட்டி பார்த்துக்கொண்டது. மற்றவை மேயப்போன பிறகும் தனியாக நின்று பழகியது. கடைசியில் ஒரு சூட்சுமம் பிடிபட்டது. வாலில் ஓர் உதறலைத் தொடங்கி, முதுகு வழியாக மேலேற்றி, கழுத்துக்கு வரும்போது தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பினால், தொண்டையில் அசல் இசட் பிறந்தது. ஆடி பிறப்பதற்குள் உதறலை எந்த முதுகெலும்பில் தொடங்கி எதில் நிறுத்துவது என்பதுவரை அதற்கு அத்துப்படியாகிவிட்டது. டீச்சர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டியது.

நேர்காணல் போன்வழிதான் என்று தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. நாள், ஆடி கடைசி வெள்ளி. பனிநாட்டில் ஆடி கிடையாது என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை காலை மாயாண்டி கிடாவைக் கயிற்றில் பிடித்துக் கோயிலுக்குக் கொண்டுவந்தார். நேர்காணலுக்காகக் கொம்பில் மாட்டியிருந்த ஹெட்போனுக்கு மேலேயே மாலை விழுந்தது. பூசாரி மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினார். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமிக்குச் சம்மதம். சிலுப்பாதவரை அரிவாள் இறங்காது. குளிர்ந்த தண்ணீர் பட்டுச் சிலுப்பாத கிடாவை அந்த ஊர் கண்டதில்லை.

கருப்பட்டி கல்லாய் நின்றது. உதறலைத் தொடங்கத் தெரிந்த அதற்கு, தொடங்காமல் இருக்கவும் தெரிந்திருந்தது.

இரண்டாம் குடமும் போயிற்று. குடும்பத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று பூசாரி சொன்னார். மாயாண்டி உடனே, பேச்சுவார்த்தையை விட்டிருந்த மைத்துனரை வரவழைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கிடா அசையவில்லை. அப்போதுதான் கொம்பில் போன் அடித்தது.

மறுமுனையில் ஒரு கரடியம்மாள். நலம் விசாரிக்கவெல்லாம் நேரமில்லை, அந்தச் சொல்லை மட்டும் சொன்னால் போதும் என்றாள்.

கருப்பட்டிக்கு வாலில் அரித்தது. சரியாகச் சொன்னால் வேலை கிடைக்கும். ஆனால் சரியாகச் சொல்ல உடம்பைச் சிலுப்ப வேண்டும். அடையாள அட்டை தபாலில் வர ஒரு வாரம் ஆகும். அரிவாள் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. பூசாரி அதன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிரீஜர்” என்றது கருப்பட்டி, ஒரு மயிர்கூட அசையாமல்.

“இன்னொரு முறை?”

“பிரீஜர்தாங்க, மேடம்.”

கரடியம்மாள் வருத்தம் தெரிவித்துப் போனை வைத்தாள். நேர்ந்துவிட்ட கிடா சாமி முன்னால் வாய் திறந்து பேசியிருக்கிறது, அதுவும் இரண்டு தடவை. மாயாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“சாமி கிடா கேக்கலைப்பா. பிரீஜர் கேக்குது.”

பூசாரிக்கு இதில் ஆட்சேபம் இல்லை. எலுமிச்சம்பழம் சீக்கிரம் வாடிவிடுகிறது என்று அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கருப்பட்டியின் மாலையைக் கழற்றி அவிழ்த்துவிட்டார்கள். ஊர்க்கூட்டம் கூடி, காட்டிலிருந்த கிளை அலுவலகத்திலேயே ஃப்ரீசர் வாங்கியது. எங்கள் சாமி மட்டும் என்ன இளப்பமா என்று பக்கத்து ஊர்களும் வாங்கின. புகார் கேட்க லாயக்கில்லை என்று தள்ளிய கிடாவைக் கம்பெனி விற்பனைப் பிரிவில் சேர்த்துக் கழுத்தில் அட்டையை மாட்டியது.

தை பத்தாம் தேதி, மரகதம் டீச்சரின் பயிற்சி மையத்து வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டப்பட்டது. அதில் கருப்பட்டியின் படமும், ‘எங்கள் மாணவர்’ என்ற வரியும் இருந்தன.

நீதி: உச்சரிப்பைப் பிசகில்லாமல் கற்றுக்கொள். எந்த இடத்தில் கெடுத்துப் பேசினால் பிழைக்கலாம் என்பது அதன்பிறகுதான் தெரியும்.