பெங்குயின் வந்து வைஃபையை எழுப்பிய கதை

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அந்த ஐந்து பேரிடமும் பார்க்காத பிடிவாதத்தை ஒரே ஆளிடம் பார்த்தேன் என்றால், அது பெங்குயினிடம்தான்.

சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர். எந்தக் கம்ப்யூட்டர் கையில் கிடைத்தாலும் லினக்ஸ் என்ற சாஃப்ட்வேரை ஏற்றிவிடுவார். லினக்ஸுக்குப் பெங்குயின் பறவை அடையாளமாம். அந்தப் படத்தை ஸ்கூட்டரில், டிபன் பாக்ஸில், குடையில்கூட ஒட்டியிருப்பார். பெயர் நிலைத்துவிட்டது. மனிதர்களை 'நீ' என்பார். மெஷினை 'நீங்க' என்பார்.

செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு லேப்டாப்பும் அவர் கைபட்டதுதான். போன மாதம் அதில் என் மருமகள் அமுதாவுக்கு வேலைக்கு இன்டர்வியூ. பிள்ளை பெற்று வருஷக்கணக்காக வீட்டிலேயே இருந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு. இன்டர்வியூவுக்கு முதல் நாள், ஒத்திகையாக வெளியூரில் இருக்கும் என் மகளோடு வீடியோவில் பேசிப் பார்த்தால், திரையில் அவள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றாள். எங்கள் வீட்டுக்குள் போன் டவரும் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. அமுதாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

சொல்லி அனுப்பியதும், பெங்குயின் மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். லேப்டாப்பைத் திறந்து, "என்னங்க, வேல நேரத்துல தூங்குறீங்க?" என்றார். பிறகு எங்களிடம், "கரண்ட மிச்சம் புடிக்கிறேன்னு வைஃபை அப்பப்ப கண்ண மூடிக்கிறாரு. அந்தப் பழக்கத்த நிறுத்திட்டேன்" என்றார்.

ஹாலில் நன்றாக ஓடியது. அமுதாவின் அறையில் இன்னும் இழுத்தது. உடனே லேப்டாப்பை இரு கையில் ஏந்தி, சாமி புறப்பாடு மாதிரி வீடெல்லாம் நடந்தார். "இங்க தெம்பா இருக்காரு. இங்க வாடிட்டாரு." பின்னால் நானும் அமுதாவும். புறப்பாடு இரும்பு பீரோ முன்னால் நின்றது. பிள்ளைகள் கைபடாமலிருக்க, வைஃபை பெட்டியைப் பீரோவுக்கும் தண்ணீர் நிறைந்த பித்தளை அண்டாவுக்கும் நடுச் சந்தில் நான்தான் வைத்திருந்தேன்.

"பெரிம்மா, இரும்பு, பித்தள, தண்ணி. இத்தனையத் தாண்டி இவுங்க எப்படி வெளிய வருவாங்க? அண்டாவ நவுத்து."

"எங்கம்மா வூட்டு சீரு. அது நவுராது."

"அப்ப அவுங்க இருக்கட்டும். இவுங்கள நான் அழைச்சிக்கிட்டுப் போறேன்."

ஆணி அடித்துப் பெட்டியைச் சுவரில் உயர மாட்டினார்.

பதினோரு மணிக்கு அமுதா கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே பெங்குயின் குக்கரை அணைக்கச் சொன்னார். தும்மப் போன என்னை முறைத்தார்.

"தும்முனா சிக்னலு போயிடுமா?"

"போவாது. எனக்குத்தான் பயமா இருக்கு, பெரிம்மா."

அமுதா சிரித்த முகமாக வெளியே வந்தாள். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லையாம். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

இப்போது வேலைக்குப் போகிறாள். நெட்டும் ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் ஏதாவது மக்கர் பண்ணாதா, அந்த மனுஷர் ஒரு நடை வந்துபோக மாட்டாரா என்றிருக்கிறது.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் பேத்தி கயல் பக்கத்தில்தான் இருக்கிறாள். கயலு, இத ஒரு தடவ படிச்சுக் காட்டு. அவரு மனசு நோவுற மாதிரி ஏதாச்சும் இருந்தா எடுத்துடலாம்.