நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை ஒறுத்தல்

மொன்ட்ரியால்-நோர்,
தவக்காலம், இரண்டாம் வாரம்.

அன்புள்ள அக்னெஸ் அக்காவுக்கு,

தங்கை றோசா எழுதிக்கொள்வது. இங்கே இவரும் நானும் மகள் ஷெரோனும் ஆண்டவர் கிருபையால் சுகமாகவும் சற்று விறைப்பாகவும் இருக்கிறோம். மன்னாரில் நீங்களும் அத்தானும் கல்யாணப் பெண் ஜென்சியும் சுகமாகவும் சூடாகவும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். பின்னேரம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை எங்கள் வீட்டில் வேலை செய்வது மெழுகுதிரி மட்டுமே.

குளிர் கடுமையான நாட்களில் அந்த நேரம் கரண்டைக் குறைத்துப் பாவித்தால் பில்லில் கழிவு தருவதாக மின்சாரக் கொம்பனியில் ஒரு திட்டம் இருக்கிறது. கொம்பனி குறைக்கத்தான் சொன்னது. இவர் மெயின் சுவிட்சையே இறக்கினார். எந்த நாள் என்பதைக் கொம்பனி அறிவிக்கும் என்றார், பிறகு வானிலையைப் பார்த்து இவரே அறிவித்தார். ஆவணியில் ஜென்சியின் கல்யாணத்துக்கு மூன்று பேரும் வர டிக்கெட் காசு சேர்க்க வேண்டும் என்பதால் நான் வாய் திறக்கவில்லை. வரப்போகும் கழிவை மதிப்பிட்டு, அவ்வளவு காசைச் சம்பளத்திலிருந்து எடுத்து ஒரு பிஸ்கட் டின்னுக்குள் முன்கூட்டியே போட்டு வந்தார். இவருடைய தலைமயிரை நான் வெட்டினேன், அதற்கும் டின்னுக்குள் காசு விழுந்தது, அந்த வாரம் முழுவதும் தொப்பியோடு வேலைக்குப் போனார். அடுத்து பிரிட்ஜ். "வெளியில சும்மா கிடக்கிற குளிரை விட்டிட்டு, உள்ளுக்கு ஏனப்பா காசு குடுத்துக் குளிர் வாங்குவான்?" என்று சாமான் எல்லாவற்றையும் பல்கனியில் வைத்தார். மீனை அணில் தொடவில்லை. றோல்ஸ் ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த றோல்ஸ் செபமாலைக்கு வருகிறவர்களுக்காகச் செய்தது. வீடு வீடாகப் போகும் மாதா சுரூபம் அந்த வாரம் எங்கள் வீட்டில். ஆறு மணிக்கு ஆட்கள் வந்தார்கள், இருட்டைக் கண்டு கோட்டைக் கழற்றாமலே இருந்தார்கள். செபமாலை நடத்தும் அல்போன்சம்மா கேட்டா:

"என்ன அருமைராசா, கரண்ட் போயிட்டுதே?"

பில்லுக்காக என்று சொல்ல இவருக்கு வெட்கம். "இல்லையம்மா, தவக்காலமெல்லோ… ஒரு ஒறுத்தல்."

"தின்னவும் ஒண்டும் இல்லையே?"

"அதுவும் ஒறுத்தல்தான்."

"பப்பா, நேற்று இதுக்கு வேற பேர் சொன்னீங்க" என்றாள் ஷெரோன். நான் கிள்ளினேன். அவள் போட்ட சத்தத்தை எல்லோரும் செபத்தின் தொடக்கம் என்று நினைத்தார்கள்.

அல்போன்சம்மா கண் துடைத்தா. விஷயம் பங்குச் சுவாமிக்குப் போய், ஞாயிறு பிரசங்கத்தில் "மெழுகுதிரி வெளிச்சத்தில் வாழும் ஒரு குடும்பம்" என்று வந்தது. அடுத்த நாள் இரண்டு மடங்கு சனம், ஆளுக்கொரு மெழுகுதிரி. கடைசி நாள் அல்போன்சம்மா பங்கின் தவக்கால உண்டியலோடு வந்து நின்றா. "ஒறுத்தலில மிஞ்சினது ஏழையளுக்கெல்லோ தம்பி. உங்கட வீட்டில நிறைய மிஞ்சியிருக்கும்." இவர் என்னைப் பார்த்தார், நான் மாதாவைப் பார்த்தேன், மாதா உண்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தா. டின் வெறுமையாகியது.

அவர்கள் போன பிறகு இவர் இருட்டில் பக்கத்தில் வந்து இருந்து, "கொக்காவுக்கு என்னெண்டு சொல்லப் போறாய்?" என்று உங்களை நினைத்துக் கேட்டார். முகம் தெரியாதபோதுதான் இவருக்குக் கவலையைக் கதைக்க வருகிறது என்பதை இத்தனை வருடத்தில் நான் கவனித்ததில்லை. அந்த அளவில் குளிர் வீண் போகவில்லை. ஆனால் நாங்கள் கல்யாணத்துக்கு வரமாட்டோம் அக்கா. கோயிலில் நாங்கள் இருக்கவென்று முன்வரிசை வாங்கு பிடித்து வைக்க வேண்டாம். படங்களை அனுப்புங்கள், எட்டு மணிக்குப் பிறகு பார்ப்போம். மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும். சுரூபம் இப்போது அடுத்த வீட்டில், அங்கே ஹீற்றர் உண்டு.

அன்புத் தங்கை,
றோசா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகப் பில் வந்தது. ஒரு சதமும் கழியவில்லை. ஷெரோன் கொம்பனிக்குப் போன் அடித்துப் பிரெஞ்சில் விசாரித்தாள். திட்டத்தில் இவர் பதிவே செய்யவில்லையாம், கடைசிப் பக்கத்துப் பொத்தானை அமத்த மறந்துவிட்டார். ஆகவே இங்கே எவரும் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை, எல்லாமே சுத்தமான ஒறுத்தல். சொன்னது பொய்யில்லை என்றானதில் இவருக்குப் பெரிய ஆறுதல். எட்டு மணிக்கு முன்னமே ஹீற்றரைப் போட்டார், அந்தச் சூட்டிலேயே கிரெடிட் கார்ட்டில் மூன்று டிக்கெட்டையும் போட்டார். முன்வாங்கை வையுங்கள். மன்னார் வெயிலுக்குப் பில் வராதுதானே என்று கேட்கச் சொன்னார்.