முன் பிரேக் பிடித்துவிட்டது

லீவரை அழுத்தினேன். அது எதிர்ப்பே காட்டாமல் போய் ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொண்டது. முன்சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றியது. விடிந்தால் அப்பா இந்த வண்டியில்தான் மலை ஏறப்போகிறார். ஏறிவிடுவார். இறங்குவதுதான் சிக்கல். ஏற்பாடு செய்த மகாராணி நான்தான்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். அதனால் சொல்கிறேன்.

அப்பாவின் வண்டி என்னைவிட இரண்டு வயது மூத்தது. காடு, மேடு, ஆறு தாண்டுவதற்கென்றே செய்த உயரமான வண்டி. அப்பா அதில் ஆபீஸைத் தாண்டியதில்லை. வருஷா வருஷம் நண்பர்கள் மலைக்குக் கிளம்புவார்கள். "முன் பிரேக் பழசுப்பா. புதுசு சொல்லிவச்சிருக்கேன், சாமான் வரல" என்று பெருமூச்சு விடுவார். பாவமாக இருக்கும்.

இன்று சாயங்காலம் பரணில் சூட்கேஸ் தேடினால், அதன் பின்னால் பழைய போர்வைக்குள் ஒரு பெட்டி. சக்கரத்தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இரண்டு, ஹோஸ், பேட், எல்லாம் புத்தம் புதுசு. கூரியரில் வந்ததை அம்மா வாங்கி மறந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். என் மூளைக்கு வேகம் அதிகம்.

உடனே அப்பாவின் நண்பர் கேப்டன் மாமாவுக்கு போன் போட்டேன்.

"மாமா, பிரேக் ரெடி. நாளைக்கு அப்பாவும் வர்றாரு. அவர்கிட்ட மூச்சு விடாதீங்க, சர்ப்ரைஸ்!"

"சபாஷ்டி என் ராஜாத்தி! அஞ்சு மணிக்கு வாசல்ல ஹாரன் அடிக்கிறோம்!"

அப்புறம்தான் ஸ்பானரையே எடுத்தேன். வீடியோவில் ஒருவர் பதினேழு நிமிஷத்தில் முடித்தார். எனக்கு ஐந்தாவது மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே காற்று இருந்தால் லீவர் இப்படித்தான் தொளதொளக்குமாம். காலிப்பரில் நிப்பிள் என்று ஒரு குட்டித் திருகு; அதைத் திறந்து காற்றை வெளியேற்றணுமாம். இருநூறு தடவை அழுத்தியும் காற்று வரவில்லை. முழங்கை பட்டு பிரேக் ஆயில் பாட்டில்தான் டேங்க்மேல் கவிழ்ந்தது. துணியால் துடைத்தேன்; பெயிண்டும் துணியோடு வந்தது. தின்னர் போட்டேன், பக்கத்தில் நன்றாக இருந்த பெயிண்டும் வந்தது. கணக்கு நோட்டிலிருந்த 'வெரி குட்' ஸ்டிக்கரைப் பிய்த்து அதன்மேல் ஒட்டினேன். அது வழுக்கிக்கொண்டு கீழே போய்விட்டது. அதற்கே மனசாட்சி உறுத்தியிருக்கும்.

வேறு வழியில்லாமல், அப்பா வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் அண்ணனையே போனில் கூப்பிட்டேன்.

"அண்ணே, என் ஃப்ரெண்டோட வண்டிண்ணே. லீவர் பஞ்சு மாதிரி போகுதாம்."

"இந்நேரத்துலயா? நிப்பிள் மேல இருக்கா, கீழ இருக்கா?"

குனிந்து பார்த்தேன். "கீழண்ணே."

"காத்து எந்தப் பக்கம்மா போகும்?"

"மேல…"

"அப்ப வாசலைக் கீழ வச்சா அது எப்படி வெளிய போகும்? உன் ஃப்ரெண்டு இடது காலிப்பரையும் வலதையும் மாத்தி மாட்டியிருக்கா. எதிர்ல நின்னு பார்த்திருப்பா. வண்டிமேல உக்காந்தா எது இடதோ அதுதான் இடதுன்னு அந்தப் புத்திசாலிகிட்ட சொல்லு."

"சொல்றேண்ணே. அவ கொஞ்சம் மந்தம்."

கழற்றி மாற்றி மாட்டினேன். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. லீவர் கல்லாக நின்றது. சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிடித்தேன், அப்படியே நின்றது! அழுகையும் சிரிப்புமாக அண்ணனுக்கு மறுபடி போன் போட்டேன்.

"சரி, ஓட்டறதுக்கு முன்னாடி நான் வந்து ஒரு தடவை பாத்துடறேன். யார் வண்டிம்மா அது?"

இனி எதற்குப் பொய்? "எங்கப்பா வண்டிதாண்ணே. சாமான் பரண்ல கிடந்துச்சு. காலைல ஃப்ரெண்ட்ஸோட மலைக்குப் போறாரு. அவருக்கே இன்னும் தெரியாது!"

போனில் டம்ளர் ஒன்று கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"அண்ணே?"

"அடிப்பாவி! அந்தப் பெட்டி வந்து மூணு வருஷம் ஆச்சும்மா. 'யார் கேட்டாலும் சாமான் வரலன்னே சொல்லுப்பா, மலைன்னாலே எனக்குத் தலை சுத்துது'ன்னு என் கையைப் புடிச்சுக் கெஞ்சிட்டு, உங்கப்பாதானே வாங்கிட்டுப் போனாரு!"

மாடியில் அப்பா நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். லீவரை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன். கொஞ்சம்கூட அசையவில்லை.

ஐந்து மணிக்கு வாசலில் ஹாரன் அடிக்கும்போது, பிரேக் பிரமாதமாகப் பிடிக்கிறது என்று அப்பாவிடம் எந்த வாயால் சொல்வேன்?