சூடு ஆறட்டும் என்று நான் சொன்னது ரேடியேட்டரை

செம்பூர், மும்பை
புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய இசக்கி அண்ணாச்சி அவர்களுக்கு,

செம்பூரிலிருந்து கணேசபாண்டியன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் மனைவி செண்பகவல்லியும், மகன் வெங்கடேஷும், தங்கள் வீட்டுக்கு மருமகளாக வரவேண்டிய மகள் ஷாலினியும் நலம். கார் நலமில்லை. அம்பர்நாத்தில் தாங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். போனை எடுக்காததால் நிச்சயமாகத் தெரியவில்லை.

தாங்கள் எடுக்கவில்லையே தவிர, தங்கள் தங்கை முப்பிடாதியம்மாள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார்கள். "பொண்ணு வீட்டுக்காரங்களே சூடு ஆறட்டும்னு சொல்லிட்டாங்க, இனி நமக்கு என்ன அவசரம். நல்லா ஆறட்டும், பச்சத்தண்ணியா ஆறட்டும்" என்று அதில் இருக்கிறது. செண்பகவல்லி அதைக் கேட்கிறாள், அழுகிறாள், மறுபடியும் போட்டுக் கேட்கிறாள். ஓய்வு பெறும்வரை கப்பல் கம்பெனியில் சரக்கு ஏன் தாமதமானது என்று விளக்கம் எழுதுவதுதான் என் உத்தியோகம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டில் நடந்ததற்கும் அதே முறையில் விளக்கம் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை செம்பூர் ஸ்டேஷன் சிக்னலில் நிற்கும்போது காரின் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது, பானட்டிலிருந்து இட்லிச்சட்டி திறந்தாற்போல் ஆவி வந்தது. நிற்காமல் ஓடினால் முள் இறங்குகிறது, நின்றால் ஏறுகிறது. மும்பையில் நிற்காமல் எங்கே ஓட்டுவது. தாராவியில் நமக்குத் தெரிந்த மெக்கானிக் முகைதீனிடம் கொண்டுபோனேன். அவர் ஏ.சி.யைப் போட்டுப் பார்த்தார். போட்டவுடன் முன்னால் உள்ள ஃபேன் சுற்ற வேண்டுமாம், சுற்றவில்லை. ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தார், ஃபேன் ஜோராகச் சுற்றியது. "மோட்டார் ஏக்தம் நல்லாருக்கு அண்ணாச்சி. ரிலேதான் போயிட்டு" என்றார். ரிலே என்பது தீப்பெட்டி அளவில் ஒரு சாமான், இன்ஜின் சூடானால் ஃபேனுக்குக் கரண்டு விடுவது அதன் பொறுப்பு. இந்தப் பழைய வண்டிக்கு அது உடனே கிடைக்காது என்றும், அதுவரைக்கும் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி, வீட்டுச் சுவரில் இருக்கிற மாதிரி ஒரு வெள்ளை சுவிட்சை ஸ்டீரிங் பக்கத்தில் திருகிக் கொடுத்தார். "ஓட்டும்போது போடுங்க, இறங்கும்போது நிப்பாட்டுங்க. பஸ், அம்புட்டுதான், வேற ஒண்ணுமில்ல" என்றார்.

நான் இறங்கும்போது நிப்பாட்டவில்லை. காலையில் பேட்டரி செத்திருந்தது. வெங்கடேஷ் போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் ஏற்றி, ஃபேனின் வயரையும் சுத்தம் செய்து மாட்டினான். (அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் தயக்கமின்றி எழுதுகிறேன்.) மாட்டும்போது இரண்டு வயரையும் இடம் மாற்றி மாட்டிவிட்டான். இது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. சுவிட்சைப் போட்டோம், ஃபேன் முன்னைவிட அதிக சத்தத்தோடு சுற்றியது, எங்கள் எல்லாருக்கும் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்துக்கு வெகுமுன்பே தங்கள் வீட்டுக்கு வந்து சேருவதாகத்தான் புறப்பட்டோம். வாஷி பாலம் தாண்டும்போது முள் பாதிக்கு மேலே இருந்தது. ஷீல்பாட்டா டிராஃபிக்கில் சிவப்புக்குப் போய்விட்டது. வண்டியை ஓரம் கட்டினோம். செண்பகவல்லி முன்னால் போய் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, இந்த ஃபேன் காத்த உள்ள இழுக்கணுமா, வெளிய தள்ளணுமா? என் மூஞ்சில அனல் அடிக்குல்லா" என்றாள். "நீ போய் நிழல்ல உக்காரு" என்றேன். அதற்குள் ஷாலினி தங்கள் மகன் மாரிசெல்வத்துக்கு போன் செய்துவிட்டாள். அவர் தொழிற்சாலையில் இன்ஜின் பக்கம் வேலை பார்ப்பவர் என்பதால் நானும் தடுக்கவில்லை. "ஹீட்டரை ஃபுல்லா போடச் சொல்லு. இன்ஜின் சூடு உள்ள வந்துரும், முள் இறங்கிரும்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. முள் இறங்கியது. மே மாதத்தில், பட்டுச்சேலையும் பட்டுவேட்டியும் உடுத்தி, குளிர்காலத்தில்கூட நாங்கள் தொடாத ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு, ஷீல்பாட்டாவிலிருந்து அம்பர்நாத் வரைக்கும் வந்தோம். கொண்டுவந்த மைசூர்பாகு பாத்திரத்துக்குள் குழம்பாகிவிட்டது. ஷாலினியின் தலையில் இருந்த பூ வதங்கிக் கறுத்தது. ராகுகாலமும் வந்துவிட்டது. இதைத் தங்கள் மகன்மேல் குறையாக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

ஆகவே தங்கள் வாசலில் நாங்கள் இறங்கியபோது எங்கள் முகம் சிவந்திருந்ததும், கண் கலங்கியிருந்ததும், யாரும் யாரோடும் பேசாமல் இருந்ததும், முப்பிடாதியம்மாள் நினைத்தபடி வீட்டில் சண்டை போட்டு மனமில்லாமல் வந்ததால் அல்ல. "பொண்ணு ஏதாவது பேசட்டுமே" என்று அவர்கள் கேட்டதற்கு ஷாலினி, "ஃபேன வேகமா வைங்க அத்தை" என்று மட்டும் சொன்னதும் அகம்பாவம் அல்ல. அந்த நேரத்தில் அவளுக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லை.

இனி முக்கிய விஷயம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வெங்கடேஷ் பானட்டைத் தூக்கிவிட்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்திருந்தான். சூட்டோடு திறந்தால் கொதிநீர் பீறிட்டு அடிக்கும். "தொறக்கட்டுமாப்பா?" என்று அவன் அங்கிருந்து கேட்டான். அதே சமயம் தாங்கள் என்னிடம், "அப்ப நிச்சயத்த வர்ற மாசமே வச்சிக்கிருவோமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வெங்கடேஷ் குரல்தான் கேட்டது. "வேண்டாம், அவசரப்படாத. மொதல்ல சூடு ஆறட்டும். இப்ப கை வச்சா மூஞ்சி வெந்துரும்" என்றேன். திரும்பிப் பார்த்தால் தங்கள் வீட்டில் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். காபி டம்ளரைக்கூட உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வீடு திரும்பும் வழியில்தான் செண்பகவல்லி, "அவங்க கேட்டதென்ன, நீங்க சொன்னதென்ன" என்று எனக்குப் புரியவைத்தாள். அதுவரையில் தங்கள் வீட்டில் காபி கொடுக்கும் வழக்கமே அப்படித்தான்போல என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை முகைதீன் பார்த்துவிட்டு, வயர் இடம் மாறியதால் ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் காற்றை வெளியே தள்ளுகிறது என்றார். "நான் நேத்தே கேட்டேன்லா" என்று செண்பகவல்லி அன்று முழுதும் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கள் வீட்டிலிருந்து போன் வருமா என்று ஷாலினி செல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நான் பார்த்தேன். அண்ணாச்சி, எனக்கு வெயிலும் பெரிதல்ல, வண்டியும் பெரிதல்ல. பிள்ளை அப்படிப் பார்க்கிறதுதான் தாங்கவில்லை. காரை விற்றுவிடத் தீர்மானித்திருக்கிறேன். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தீர்களென்றால் குர்லாவில் மாறி, லோக்கல் ரயிலில், சாதாரண முகத்தோடு வந்து சேருகிறோம். ரயிலுக்கு ரேடியேட்டர் பார்க்கிற பொறுப்பு நம்முடையது இல்லை.

தங்களுக்கும் அண்ணிக்கும் எங்கள் வணக்கம். முப்பிடாதியம்மாளுக்கு இரட்டிப்பு வணக்கம். மாரிசெல்வத்துக்கு, மற்றவை எப்படி முடிந்தாலும், எங்கள் ஆசீர்வாதம் குறையாது.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி ஆகவேண்டிய
கணேசபாண்டியன்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் மாரிசெல்வம் வந்து நிற்கிறார். தங்களிடம் ஓவர்டைம் என்று சொல்லியிருப்பார். கல்யாண் ஊர்க் கடைகளில் தேடி ரிலே வாங்கி வந்து அவரே மாட்டினார். இப்போது சாவியை எடுத்த பிறகும் ஃபேன் நிற்கவில்லை. அவரும் ஷாலினியும் காம்பவுண்டில் பானட்டைத் திறந்துவைத்து, ஏன் நிற்கவில்லை என்று நெடுநேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "வயர உருவுனா நின்னுரும்லா?" என்று நான் போய்க் கேட்டேன். இருவருக்கும் அது பிடிக்கவில்லை. "அது பாட்டுக்குச் சுத்தட்டும் மாமா, நீங்க உள்ள போங்க" என்றார் மாரிசெல்வம். மாமா என்றுதான் சொன்னார், செண்பகவல்லியும் கேட்டாள். ஆகவே மேலே எழுதியிருப்பதைத் தாங்கள் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. கார் விற்பனைக்கும் இல்லை. அவருக்கு ராத்திரிச் சாப்பாடு இங்கேதான், தேடவேண்டாம். தேதியை மட்டும் சொல்லுங்கள்.