ஒடுக்கு எடுத்த துப்பாக்கி

"இந்த ஒடுக்கு எப்படி விழுந்துச்சு?"

தனசேகர் மூன்றாவது முறையாகக் கேட்டார். கட்டிலில் அவருடைய அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி கிடந்தது. அப்பா போய், லைசென்ஸ் தன் பேருக்கு மாறிய இரண்டு வருடத்தில் இன்றுதான் உறையைப் பிரித்திருந்தார். இடது குழலில் கட்டைவிரல் பதிகிற அளவுக்குப் பள்ளம்.

"நான் அதைத் தொட்டதே இல்லீங்க," என்றாள் மனைவி புஷ்பலதா.

"பரண்ல அண்டாவை யாரு வெச்சது?"

"அண்டா அந்தக் கோடி, துப்பாக்கி இந்தக் கோடி!"

லைசென்ஸைப் புதுப்பிக்கத் திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கியைக் காட்ட வேண்டும். அடிபட்டதைப் பார்த்தால் ரத்து செய்து பிடுங்கிக்கொள்வார்களே என்று தாம்பரத்தில் கணக்கு வாத்தியாரான தனசேகர் பயந்தார். அப்பா விட்டுப்போனது அது ஒன்றுதான். முறைப்படி துப்பாக்கி ரிப்பேர் செய்யும் கடைக்குப் போன் போட்டால், ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

வேறு வழி? குழல்களை மட்டும் கழற்றி யோகா பாயில் சுருட்டிக்கொண்டு, பீர்க்கன்கரணையில் அவருடைய காருக்கு டிங்கரிங் பார்க்கும் சவுரிமுத்துவிடம் ஓடினார்.

"பம்பர் ஒடுக்கே எடுக்கறோம், இது இன்னா சார் பெரிய மேட்டரு?"

சவுரிமுத்து குழலுக்குள் இரும்புத் தடியை இறக்கி, வெளியே தட்டினான். ஒடுக்கு போனது. தடி வரவில்லை.

"இழுப்பா!"

"கவ்விக்கினு கீது சார். சூடு காட்டுனா வுட்டுரும்."

சூடு காட்டியதில் தடி வந்தது. கூடவே ஈயப்பற்று உருகி, ஒட்டியிருந்த குழல்கள் இரண்டும் தனித்தனியாகக் கையோடு வந்தன.

"யோவ், ரெண்டா வந்துருச்சேய்யா!"

"டபுள் பேரலு சார். ரெண்டுதான் இருக்கும்."

திரும்பப் பற்றவைத்ததில் குழல்கள் கரியாயின. கரியை எடுக்கப் பாலிஷ் போட்டதில் எவர்சில்வர் டம்ளராக மின்னின. குழலில் பொறித்திருந்த துப்பாக்கி நம்பர் சுத்தமாக அழிந்திருந்தது. தனசேகர் தலையில் கைவைத்துப் பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாத்துக்கு சார் பேஜார் ஆவுற? புச்சு மாறி கீது பாரு!"

திங்கட்கிழமை ஸ்டேஷன் ரைட்டர் சத்யபிரியா துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் தெரியலையே சார்?"

"பழசு மேடம்... தேஞ்சு போச்சு." என்றார் தனசேகர்.

"பரவால்ல. பழசுல அப்படித்தான் ஆகும்னு, உங்கப்பா காலத்துலயே ரிஜிஸ்டர்ல அங்க அடையாளம் எழுதி வெச்சிருக்காங்க."

போன உயிர் தனசேகருக்குத் திரும்பி வந்தது. சத்யபிரியா பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துப் படித்தார்.

"'இடது குழலில் கட்டைவிரல் அளவு ஒடுக்கு.' அது எங்க சார்?"